பச்சைத் தோலுக்குள் பழுத்த சதை

மதுரை சிம்மக்கல்லும் அதையொட்டிய யானைக்கல்லும் தலைமுறைகளாகப் பழ வியாபாரத்துக்குப் பேர்போன இடங்கள். சோழவந்தான் பக்கமிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் வாழைத்தார்கள் வந்து இறங்கும். சித்திரை பிறந்துவிட்டால் நத்தம், அழகர்கோவில் தோப்புகளின் மாங்காய்க் கூடைகளும் சேர்ந்துகொள்ளும். வெயில் காலத்தில் இங்கே பச்சைப்பழம் வாங்கியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தோல் இலைப் பச்சையாகவே இருக்கும். பெருவிரலால் லேசாக அழுத்தினால் உள்ளே குழைந்திருக்கும். உரித்துப் பார்த்தால் சதை இனிப்பேறி, மணமேறி, நன்றாகப் பழுத்திருக்கும். அதே கேவண்டிஷ் இனத்துப் பழத்தைக் குளிரூட்டிய அறையில் பழுக்கவைத்தால் காம்பு முதல் நுனிவரை சீராக மஞ்சளாகிவிடும்.

வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் கேவண்டிஷ் பழத்தோலில் பச்சையம் சிதைவது தடைப்படுகிறது. சதையில் மாவுச்சத்து சர்க்கரையாகும் வேலை மட்டும் தடையில்லாமல் நடக்கிறது. மதுரையின் மே மாதத்தில் விடியற்காலையில்கூட 24 டிகிரி கிடைப்பது அரிது. அதனால் ஒரே காயின் தோலும் சதையும் ஆளுக்கொரு வழியில் போகின்றன. பக்கத்தில் தொங்கும் பூவனும் நாட்டுப்பழமும் அதே வெயிலில் மஞ்சளாகிவிடுகின்றன.

உயிரணுக்களைப் பற்றிய ஒரு பெரிய கேள்வி இதில் இருக்கிறது. தோலின் செல்லிலும் சதையின் செல்லிலும் உள்ள டிஎன்ஏ எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 2012-ல் வாழையின் மரபணுத் தொகுதியை முதன்முதலாக வாசித்து முடித்தபோது அதில் சுமார் 36,500 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. மாவைச் சர்க்கரையாக்கும் நொதிக்கான மரபணு சதையில் மட்டுமா இருக்கிறது? வேரில் இருக்கிறது, இலையில் இருக்கிறது, கடைக்காரர் வெட்டித் தூர எறியும் தார்க்காம்பிலும் இருக்கிறது. பச்சையத்தைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு, பச்சையமே இல்லாத கிழங்கின் உள்பகுதியிலும் இருக்கிறது. எல்லாம் எல்லா இடத்திலும் இருக்கும்போது, எது எங்கே எப்போது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

அதுவும் டிஎன்ஏ-விலேயேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மரபணுவுக்குள் இல்லை. பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கிறது. நம் பழைய தெருக்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு திண்ணை உண்டு. மரபணுவை வீடு என்று வைத்துக்கொண்டால், அதன் முன்னால் உள்ள சில நூறு அல்லது ஆயிரம் எழுத்துகள்தான் அதன் திண்ணை. உயிரியலார் அதைப் புரொமோட்டர் என்பார்கள். எந்தப் புரதமும் அந்தப் பகுதியிலிருந்து உருவாவதில்லை. ஆனால் அங்கே யார் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தே வீட்டின் கதவு திறக்கும், அல்லது சாத்தியபடியே கிடக்கும்.

அங்கே வந்து உட்காருபவை படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓரிடம் உண்டு. தக்காளி பழுப்பதை நடத்தும் புரதங்களில் ஒன்றின் பெயர் ரின். அது டிஎன்ஏ-வில் ஒரு பத்தெழுத்துத் துண்டைத் தேடும்: முதலில் இரண்டு சைட்டோசின், நடுவில் அடினினும் தைமினுமாக ஆறு எழுத்து, கடைசியில் இரண்டு குவானின். இந்த வாசகம் எந்த மரபணுவின் முன்னால் இருக்கிறதோ அங்கே ரின் ஒட்டிக்கொள்ளும். அதன் துணையோடு ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி வந்து மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும். தக்காளியைச் சிவப்பாக்கும் நிறமிக்கான மரபணு, செல்சுவரை இளக்கும் நொதிக்கான மரபணு, எத்திலீன் தயாரிக்கும் மரபணு என எங்கெங்கோ வெவ்வேறு குரோமோசோம்களில் கிடக்கும் பல மரபணுக்களின் முன்னால் இதே சாயலில் ஒரு பத்தெழுத்து உண்டு. ஒரே புரதம் இத்தனையையும் ஒரே சமயத்தில் எழுப்புவதன் வழி இதுதான். நிறம், மென்மை, மணம், இனிப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருவதால்தான் அதைப் பழுத்தல் என்ற ஒற்றைச் சொல்லால் சொல்ல முடிகிறது.

மரபணுவுக்கு வெளியே ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கும் என்பதைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்ஸுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961-ல் பாக்டீரியாவை வைத்துக் காட்டினார்கள். 1965-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியாவின் ஏற்பாடு எளிமையானது. செடியிலும் விலங்கிலும் ஒரே மரபணுவின் முன்னால் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு துண்டுகள் இருக்கும். ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று வறட்சிக்கு, ஒன்று ஹார்மோனுக்கு. அவற்றில் எவை நிரம்பியிருக்கின்றன, எவை காலி என்பதன் கூட்டு விளைவே அந்த மரபணுவின் வேலை அளவு. மரபணுவைத் திறப்பது, மூடுவது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் அது கூடுவதும் குறைவதுமான காரியம்.

இனி பழம் பழுக்கவைக்கும் எத்திலீன் என்ற வாயுவுக்கு வருவோம். வைக்கோலுக்குள் மாங்காயைப் புதைத்து வைப்பதும், அரிசிப் பானைக்குள் போட்டு மூடுவதும், வாழைத்தார்களை அறைக்குள் அடுக்கிச் சருகுப் புகை விட்டு மூட்டம் போடுவதும் நம் வீடுகளிலும் மண்டிகளிலும் பல காலமாக நடப்பவை. பானைக்குள் நடப்பது காயே விடும் எத்திலீனை வெளியேறாமல் தேக்குவது. மூட்டத்தில் நடப்பது புகையிலுள்ள எத்திலீனை வெளியிலிருந்து கொடுப்பது. இந்த வாயுவுக்குச் செடிகள்மேல் இருக்கும் பிடியை 1901-ல் கண்டுசொன்னவர் ரஷ்யாவின் திமித்ரி நெல்யுபோவ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வகத்தில் அவர் வளர்த்த பட்டாணி நாற்றுகள் நிமிர்ந்து வளராமல் பக்கவாட்டில் படர்ந்தன. விளக்குக்கு எரித்த வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். பழம் தானாகவே எத்திலீனை உற்பத்தி செய்கிறது என்பதை 1934-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் ஆப்பிளில் நிரூபித்தார்.

வாயு செல்லுக்குள் நுழைந்ததும் நடப்பது, நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. எத்திலீனை உணரும் புரதங்கள், எத்திலீன் இல்லாதபோதுதான் சுறுசுறுப்பாக இருக்கின்றன. காய் காயாக இருக்கும் நாளெல்லாம் அவை ஒரு தடையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. எத்திலீன் வந்து, அவற்றின் நடுவே உள்ள செம்பு அயனியில் ஒட்டியதும் அந்தப் பிடி தளர்கிறது. அதுவரை கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு புரதத்தின் வால்பகுதி வெட்டுப்பட்டு உட்கருவுக்குள் போகிறது. அங்கே இஐஎன்-3 என்ற படியெடுப்புக் காரணி அதுவரை உருவாக உருவாகச் சிதைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. இப்போது அது பிழைத்துக்கொள்கிறது, எண்ணிக்கையில் கூடுகிறது, தனக்குரிய டிஎன்ஏ துண்டுகளில் போய் உட்காருகிறது. அடுத்தகட்டக் காரணிகளின் மரபணுக்கள் விழிக்கின்றன. அவை இன்னும் பல நூறு மரபணுக்களை எழுப்புகின்றன. செல் எத்திலீன் மூலக்கூறைத் தின்று பழமாவதில்லை. வாயு கொண்டுவருவது ஒரு செய்தியை மட்டுமே. வேலை முழுவதையும் செய்வது, அந்தச் செய்தியைப் படிக்கும் டிஎன்ஏ துண்டுகளும் அவற்றில் உட்காரும் புரதங்களும்தான்.

எழுந்த மரபணுக்களில் எத்திலீனைத் தயாரிக்கும் மரபணுவும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் எத்திலீன் வந்தால் இன்னும் எத்திலீன் உருவாகும். அது மேலும் உருவாக்கும். தாரில் ஒரு பழம் பழுத்தால் மற்றவை தொடர்ந்து பழுப்பதும், ஒரு பழுத்த சீப்பைக் காய்களோடு வைத்தால் அவையும் செங்காயாகத் தொடங்குவதும் இதனால்தான். இந்தச் சுழல் எல்லாப் பழத்திலும் ஒரே மாதிரி அமைந்ததில்லை. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பல பழங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. தக்காளியில் மேட்ஸ் என்ற புரதக் குடும்பம் இந்தச் சுழலை நடத்துகிறது, பீச் பழத்தில் நாக் என்ற வேறொரு குடும்பம் நடத்துகிறது, வாழையில் இரண்டு சுழல்கள் பின்னிக் கிடக்கின்றன என்று அது காட்டியது. தக்காளியும் வாழையும் பூச்செடிகளின் வரலாற்றில் எப்போதோ பிரிந்துபோன இரண்டு கிளைகள். பழுப்பது என்ற ஒரே முடிவுக்கு அவை தத்தம் கையிலிருந்த கட்டுப்பாட்டுத் துண்டுகளைக் கொண்டு தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன. என்னை மிகவும் வியக்கவைத்த முடிவுகளில் இது ஒன்று.

சதை குழைவதற்கான மரபணுக்களில் ஒன்றை நம் நாட்டிலேயே பிரித்தெடுத்தார்கள். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த திரிவேதியும் நாத்தும் 2004-ல் வாழையில் கண்ட எக்ஸ்பான்சின் மரபணு அது. செல்சுவரின் நார்களுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்தும் புரதம் அதிலிருந்து உருவாகிறது. எத்திலீன் பட்டதும் அந்த மரபணு வேகமெடுக்கிறது. பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறோமே, அந்தக் குழைவுக்கு இதுவும் ஒரு காரணம்.

எத்திலீன் கொடுத்தால் பிஞ்சும் பழுத்துவிடுமா என்று கேட்டால், இல்லை. முற்றாத காயைப் பறித்து என்ன செய்தாலும் அது வதங்கும், வெம்பும், பழமாகாது. விதை முதிர்வதற்கு முன் பழம் கனிந்து, பறவையோ வௌவாலோ தின்றுவிட்டால் செடிக்குத்தான் நஷ்டம். ஆகவே விதை முற்றும்வரை காய் காத்திருக்க வேண்டும். எதை வைத்துக் காத்திருக்கிறது என்பதற்குத் தக்காளியில் தெளிவான விடை கிடைத்திருக்கிறது.

சைட்டோசின் எழுத்தின் மேல் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்ள முடியும். எழுத்து மாறாது, சைட்டோசின் சைட்டோசினாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் புரதம் வந்து உட்காருவது கடினமாகிவிடும். பிஞ்சுத் தக்காளியில் பழுத்தலுக்கான பல மரபணுக்களின் திண்ணைகள் இப்படி மெத்திலால் மூடிக் கிடக்கின்றன. காய் முற்ற முற்ற, அவற்றை அகற்றும் நொதி ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் வளாகத்தில் ஜேம்ஸ் ஜியோவன்னோனியின் குழு 2013-ல் செய்த சோதனை எளிமையானது, உறுதியானது. மெத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்து ஒன்றைப் பச்சைத் தக்காளிக்குள் ஊசியால் செலுத்தினார்கள். ஊசி குத்திய இடம் மட்டும், விதை முற்றுவதற்கு முன்பாகவே, சிவந்தது. அந்த வாயுவும் அந்த மரபணுக்களும் காயில் ஏற்கெனவே இருந்தன. படிப்பதற்கு இருந்த தடை மட்டும் விலகியது.

இதைவிட ஒரு விசித்திரமான தக்காளியும் உண்டு. அதன் பழம் சிவக்காது, நிறமற்ற தோலோடு மாவு மாவாக இருக்கும். அதன் டிஎன்ஏ-வை வாசித்த இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2006-ல் அறிவித்த முடிவு பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. சாதாரணத் தக்காளிக்கும் அதற்கும் கோளாறு இருந்த இடத்தில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. ஒரு மரபணுவின் முன்பகுதியில் சில நூறு எழுத்து நீளத்துக்கு மெத்தில் படிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் படிவு விதை வழியே தலைமுறை தலைமுறையாகக் கடந்து வந்துகொண்டிருந்தது.

கார்பைடு கல்லைப் பற்றி இங்கே பேசியே ஆக வேண்டும். கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். எத்திலீனை உணரும் அதே புரதத்தை அசிட்டிலீனும் ஏமாற்றும், ஆனால் மிகப் பலவீனமாக. பட்டாணித் தண்டில் ஸ்டான்லி பர்க்கும் எல்லன் பர்க்கும் 1967-ல் அளந்தபோது எத்திலீன் தரும் அதே விளைவுக்கு அசிட்டிலீன் சுமார் 2,800 மடங்கு தேவைப்பட்டது. ஆகவே கல்லை அதிகமாகப் போடுகிறார்கள். போதாததற்கு, விலை ஏறும் முன்பே சந்தைக்குக் கொண்டுவரும் அவசரத்தில் முற்றாத மாங்காயைப் பறிக்கிறார்கள். அந்தக் காயில் கட்டுப்பாட்டுப் பகுதிகள் எல்லாம் தயாராகியிருக்காது. மேல்தோல் மஞ்சளாகிவிடும். உள்ளே மணத்துக்கும் இனிப்புக்கும் உரிய மரபணுக்கள் பாதியும் விழித்திருக்காது. மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு என்று மதுரையில் மாம்பழம் வாங்கியவர்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். கல்லில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கல்லைக் கையாளும் தொழிலாளிக்கும் தின்பவருக்கும் கெடுதல். 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடைத் தெளிவாகத் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்த அனுமதி உண்டு. காய் தானே உருவாக்கும் அதே மூலக்கூறை, முற்றிய காய்க்கு, குளிர்ந்த அறையில், அளவோடு கொடுப்பதில் தவறில்லை. எத்திலீன் அறையில் பழுத்தது என்று தெரிந்ததும் ரசாயனப் பழம் என ஒதுக்குவதும், கார்பைடு பழத்தை நிறத்துக்காக வாங்குவதும் ஒரே கடைவாசலில் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது கார்பைடு போடுபவருக்குத்தான் சாதகம்.

கட்டுப்பாட்டுத் துண்டு மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வெகுதூரத்தில் இருந்தபடி மரபணுவை ஊக்கும் துண்டுகளுக்கு என்ஹான்சர் என்று பெயர். டிஎன்ஏ இழை மடிந்து வளையும்போது தூரத்துத் துண்டு மரபணுவின் முன்பகுதியைத் தொட்டுவிடுகிறது. இதற்கு நம் உடம்பிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிப்பவர்கள் அதிலுள்ள பாலையும் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதிக்கான மரபணு எல்லோரிடமும் இருக்கிறது. பால்குடி மறந்தபின் பெரும்பாலான மனிதர்களுக்கு அது மெல்ல அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. காரணம், மரபணுவிலிருந்து 13,910 எழுத்து முன்னால், வேறொரு மரபணுவின் நடுவே, சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் இருப்பது. பின்லாந்தில் லீனா பெல்டோனனின் குழு 2002-ல் இதைக் கண்டுபிடித்தது. இந்தியாவில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் டிஎன்ஏ-வைப் பார்த்த 2012 ஆய்வு, ஐரோப்பியரிடம் உள்ள அதே எழுத்து மாற்றம் இங்கும் இருப்பதையும், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வர வர அது குறைவதையும் காட்டியது. தெற்கில் நீலகிரித் தொதவர் இதற்கு விலக்கு. எருமைப் பாலை நம்பி வாழ்ந்த அந்த மக்களிடம் அந்தத் தைமின் மிகுதியாகக் காணப்படுகிறது. நம்மில் பலருக்குப் பாலைவிட மோர் வயிற்றுக்கு இதமாக இருப்பதற்கும் லாக்டேஸ் அடங்கிவிடுவதே காரணம். உறையூற்றும்போது பாலின் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன.

மறுபடி தக்காளி. கடையிலிருந்து வந்ததும் அதை ஃபிரிட்ஜில் வைக்கும் வழக்கத்தால் ருசி போவது பலரும் உணர்ந்ததே. ஃபுளோரிடாவின் ஹாரி கிளீ உள்ளிட்டோர் 2016-ல் காரணத்தை எடுத்துக் காட்டினார்கள். 5 டிகிரி குளிரில் சில நாள் இருந்த தக்காளியில் மணத்துக்கான மரபணுக்கள் சுணங்கின. பழுத்தலை நடத்தும் ரின் உள்ளிட்ட மரபணுக்களின் முன்பகுதியில், துடைத்தெடுக்கப்பட்டிருந்த மெத்தில் திரும்பவும் படிந்தது. வெளியே எடுத்து வைத்தபின் படிவு விலகியது. ஆனால் இழந்த மணம் முழுதாகத் திரும்பவில்லை. சர்க்கரையிலும் அமிலத்திலும் பெரிய மாற்றமில்லை. தக்காளியைக் கூடையில் வெளியே வைத்திருந்த நம் பாட்டிமார் பழக்கத்தையே நான் இப்போது கடைப்பிடிக்கிறேன்.

ரின் கதையில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். பழுக்காத ரின் தக்காளி 1968-ல் விவரிக்கப்பட்டது. ரின் மரபணு கெட்டுப்போனதால்தான் அது பழுக்கவில்லை என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். வாரக்கணக்கில் கெடாத கலப்பினத் தக்காளிகள் அதை வைத்தே உருவாக்கப்பட்டன. 2017-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் ரின் மரபணுவை முழுதாகச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். அப்போதும் தக்காளி ஓரளவு நிறம் ஏறியது. அப்படியானால் பழைய ரின் தக்காளியில் நடந்தது வேறு. அங்கே பக்கத்து மரபணுவோடு ஒட்டிப்போன ஒரு புதுப் புரதம் அதே பத்தெழுத்து இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு, எழுப்புவதற்குப் பதிலாக அடக்கிக்கொண்டிருந்தது. இடம் ஒன்றுதான், உட்கார்ந்த புரதம் மாறியதும் விளைவு தலைகீழானது.

அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சகரி லிப்மனின் குழு, மரபணுவைத் தொடாமல் அதன் புரொமோட்டரில் மட்டும் கிரிஸ்பரால் பல இடங்களில் வெட்டியது. தக்காளியின் சுளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மரபணு அது. ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு அளவு மாற்றத்தைத் தந்தது. சிறிய பழத்திலிருந்து பெரிய பழம்வரை படிப்படியாக ஒரு வரிசையே கிடைத்தது. மரபணுவையே கெடுத்திருந்தால் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள்தான் கிடைத்திருக்கும்.

வாழைக்கு இந்த வழி மிகவும் பொருத்தமானது. நாம் தின்னும் வாழைகள் பெரும்பாலும் விதையற்றவை, மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை; கலந்து புது ரகம் உருவாக்குவது பெரும்பாடு. திருச்சியில் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நாட்டின் வாழை ரகங்களைச் சேகரித்துக் காக்கிறது. இஸ்ரேலில் 2016-ல் இரண்டு மேட்ஸ் மரபணுக்களை அடக்கிய வாழைகள் தாமதமாகப் பழுத்து, கூடுதல் நாள் தாங்கின. வெளி மரபணு எதையும் சேர்க்காமல் திருத்தப்படும் பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து இந்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. புரொமோட்டரில் சில எழுத்துகளை மட்டும் நீக்கிய வாழை இந்த விலக்குக்குள் வரக்கூடும். ஆனால் ஒவ்வொரு மரபணுவும் வாழையில் மூன்று பிரதிகளாக இருக்கிறது. மூன்றின் முன்பகுதியிலும் வெட்டு விழ வேண்டும். மூன்றும் ஒரே எழுத்து வரிசையில் இருப்பதில்லை. பூவனில் இரண்டு பிரதிகள் ஒரு காட்டு மூதாதையிடமிருந்தும், ஒன்று வேறொரு மூதாதையிடமிருந்தும் வந்தவை. அந்த மூன்றையும் தனித்தனியாக வாசித்து, எந்தப் பிரதியின் முன்பகுதி எந்தத் திசுவில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்த பிறகே எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவுசெய்ய முடியும்.